ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்திருந்த 3389

நான் பி.காம்., பேங்க் கிளார்க்காக இருந்தவன், கம்ப்யூட்டர் படித்தவனில்லை. சங்கத்தின் கணக்கைப் பார்ப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் பராமரிப்புக் கணக்கு, போன் நம்பர் எல்லாம் நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த பையன், வீட்டிலிருந்தே சரிசெய்ய வசதியாக ரவுட்டரில் 3389-ஐத் திறந்து வைத்திருந்தார். அது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். போர்ட் என்பது பேங்க் கவுண்டர் நம்பர் மாதிரி. எது திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் துழாவும் புரோகிராம்கள் உண்டு. போன மாதம் ஈவென்ட் வியூவரைப் பார்த்தால் 4625, அதாவது தோற்றுப்போன லாகின், பக்கம் பக்கமாக. எல்லாம் ராத்திரி நேரத்தில், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரில். நம் பாஸ்வேர்டோ, சங்கத்தின் பெயரும் 123-ம்! (இப்போது மாற்றியாயிற்று.)

அன்றே அந்த போர்ட்டை அடைத்தோம். 3390 என்று மாற்றினால் போதாதா என்றார் செயலாளர். துழாவுகிறவன் பக்கத்துக் கவுண்டரையும் தட்டுவானே! விபிஎன் போடும்வரை வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது.

உங்கள் வீட்டு விஷயம் வேறு. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை உள்ளேயிருந்து வெளியே போய் இணைபவை. வெப்சைட்டுகள் பயன்படுத்தும் 443 வழியாகவே போய்விடும். ஃபயர்வால் நம் வாட்ச்மேன் மாதிரி: புதிதாக வருகிறவனை நிறுத்துவார், நீங்களே கையைப் பிடித்து அழைத்து வந்தால் சும்மா இருப்பார். ‘கேஒய்சி முடிக்கணும் சார், ஸ்க்ரீனில் தெரிகிற நம்பரைச் சொல்லுங்க’ என்பவனுக்கு நம்பரைச் சொல்வது அப்படி அழைத்து வருவதுதான். சொல்லிவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கும் பேங்குக்கும் போன் செய்யுங்கள்.

சாஃப்ட்வேர் பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இனி நேரில் வர வேண்டியிருக்கிறதே என்று.