கூடிப் பார்ப்போம், கூடிப் பேசுவோம்
(காலாப்பட்டில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் தொடங்கி ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி சென்றது. பொதுவில் வைத்த பெட்டியை ஊரார் கூடிப் பார்த்தனர். இன்று வீட்டுக்கு வீடு பெட்டி உண்டு. கூடிப் பேசுதல்தான் அருகிவிட்டது.

இவ்வாரம் இயற்கை, அறிவியல், வரலாறு பற்றிய செய்தி விளக்கப் படங்களை ஒன்றாகக் காண்போம். கடலரிப்புப் படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நம் கரையையே எண்ணிப் பாருங்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை, 1980களில் புதுவைத் துறைமுகத்திற்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன, வடகரை அரிபட்டது. ஆதலால், ஓரிடத்தில் கல் கொட்டுமுன் அடுத்த ஊரின் கரை என்னாகும் என்று கேளுங்கள். அக்கேள்வியைத் தீர்மானமாக எழுதித் தாருங்கள். உரிய துறைக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதுவே படம் பார்த்ததன் பயன்.