வலி போனால் போதுமா?

(மகளிர் பிரிவின் காலாண்டுக் கூட்டத்தில், பிஸியோதெரபிஸ்டான நம் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முழங்கால் மூட்டுவலி பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பற்றி நம் சங்கத்தில் பலர் பேசியாகிவிட்டது. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது கணுக்கால். அதுவும் கணுக்காலில் வரும் சாதாரணச் சுளுக்கு.

மும்பையில் 26 வருஷமாக பிஸியோதெரபி செய்துவருகிறேன். மழை ஆரம்பித்தால் எனக்கு வேலை கூடிவிடும். பேவர் பிளாக் பெயர்ந்த நடைபாதை, ரயில் நிலையப் பாலத்தின் ஈரப்படி, லோக்கலிலிருந்து இறங்கும் அவசரம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும், பாதம் உட்பக்கமாக மடங்கிவிடும். அப்போது கணுக்காலின் வெளிப்புறம், முன்பக்கமாக, எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கும் லிகமென்ட் இழுபடுகிறது. சில சமயம் கிழிந்தும் போகிறது. இதைத்தான் சுளுக்கு என்கிறோம். நரம்பு பிசகுவதும் இல்லை, ஏறிக்கொள்வதும் இல்லை. ஆகவே அடிபட்ட அன்றே எண்ணெய் போட்டு உருவிவிடுவதும், காலால் பிறந்தவரைத் தேடிப்பிடித்து மிதிக்கச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். கிழிந்த துணியை இன்னும் இழுத்துப் பார்ப்பது போலத்தான் அது.

முதலில் எல்லோரும் கேட்பது, "எக்ஸ்ரே எடுக்கணுமா?" என்பது. இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-இல் வகுத்தது. அடிபட்ட உடனேயும், பிறகு டாக்டர் பார்க்கும்போதும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அமுக்கினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் நடுவில் இருக்கும் எலும்பும், உட்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பும் வலிக்கின்றனவா? நடக்க முடியவில்லை என்றாலும், இந்த இடங்களில் ஒன்றில் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. அவர்களுக்கு வலியே சரியாகத் தெரியாது. நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

முதல் 2, 3 நாட்கள் செய்ய வேண்டியது உங்களுக்குத் தெரிந்ததுதான். காலை உயர்த்தி வையுங்கள், கிரேப் பாண்டேஜ் கட்டுங்கள், அதிகம் நடக்காதீர்கள். ஐஸ் வலிக்கு நல்லது. துணியில் சுற்றி 10 நிமிஷம் வைத்தால் போதும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நாலையும் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், பிற்காலத்தில் தாமே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். எனவே மூன்று வாரம் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லோரையும் ஏவிக்கொண்டிருக்க சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை!

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடுகிறது, வலியும் குறைகிறது. "சரியாப் போயிடுத்து" என்று பாண்டேஜை அலமாரியில் போட்டுவிடுகிறோம். ஆனால் சரியானது வலி மட்டும்தான்.

நாம் கீழே விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காது. மூன்றாவது பாதமும் கணுக்காலும். லிகமென்ட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் நுண்ணிய உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் கொஞ்சம் சாய்ந்தாலே அவை தகவல் சொல்லும். வெளிப்புறத் தசை சட்டென்று இழுத்து நிமிர்த்திவிடும். நாம் யோசிப்பதற்குள் இது நடந்து முடிந்துவிடும். சுளுக்கில் லிகமென்ட்டோடு இந்த ஏற்பாடும் அடிபடுகிறது. லிகமென்ட் சில வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு தானாகத் திரும்புவதில்லை, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற எலும்பு சிகிச்சை நிபுணர் 1965-லேயே இதை எழுதிவிட்டார். சுளுக்கியவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார்; அடிபட்ட காலில் பலருக்கு ஆட்டம் அதிகமாக இருந்தது. ஆடும் பலகையில் நிற்கப் பழக்கியவர்களுக்குக் கால் மறுபடி மறுபடி மடங்குவது குறைந்தது.

என்னிடம் வந்த ஒரு மாமியைப் பற்றிச் சொல்கிறேன். வயது 62. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அதே கால். ஒவ்வொரு தடவையும் களிம்பு, கட்டு, பத்து நாள் ஓய்வு. மூன்றாவது தடவை கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. என்னிடம் அனுப்பியதும் அந்தக் கைக்காகத்தான்! கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. லோக்கல் ரயிலே வேண்டாம் என்று, முலுண்டில் இருக்கும் பெண்ணைப் பார்க்கவும் போவதில்லை. "கால் என் பேச்சைக் கேக்கறதில்லைடா" என்றார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நல்ல காலில் 18 விநாடி நின்றார். அடிபட்ட காலில் 3 விநாடி. அந்தக் காலில் அப்போது வலி துளிக்கூட இல்லை.

அவருக்குக் கொடுத்த பயிற்சியைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். வலி பொறுக்கும்படி ஆனதும், நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை அசைக்காமல், கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். ஏ, பி, சி எழுதச் சொல்வது வழக்கம். நான் அ, ஆ, இ, ஈ எழுதச் சொல்கிறேன். 'இ' ஒன்றை எழுதினாலே கணுக்கால் நாலு பக்கமும் திரும்பிவிடும். பிறகு பழைய சைக்கிள் டியூபை இரண்டு பாதத்திலும் மாட்டி, அடிபட்ட பாதத்தை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். அதன்பின் கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், 10 தடவை. (அர்க்கியம் விடும்போது குதிகாலை உயர்த்தும் மாமாக்களுக்கு இது புதிதல்ல. ஒழுங்காக உயர்த்துகிறார்களா என்று ஆத்து மாமிகள் கவனித்துச் சொல்லலாம்.)

அடுத்ததுதான் முக்கியம், ஒற்றைக் கால் நிலை. முதலில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியில் பிடிக்காமல். 30 விநாடி வீதம் மூன்று தடவை, இரண்டு காலுக்கும். சீரியல் நடுவே விளம்பரம் வரும்போது செய்தால் மறக்காது. பல் தேய்க்கும்போது செய்யலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். நம் பாத்ரூம் தரையின் ஈரத்தை அவர்கள் பார்த்ததில்லை. இது சுலபமானதும் தலையை இருபக்கமும் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். அப்புறம் நாலாக மடித்த ரஜாய் மேல் நில்லுங்கள். பேரனை எலுமிச்சம்பழம் எறியச் சொல்லிப் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பது கடைசிப் படி. கண்ணின் உதவி போனதும் கணுக்கால் தன் வேலையைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் 60 தாண்டியவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் பக்கத்தில் ஆளில்லாமல் இதைச் செய்யக் கூடாது.

ஒரு குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நடப்பதும் எங்கள் பயிற்சிகளில் ஒன்று. அதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் இருக்கிறது. உங்களுக்கு அது அடிப்பிரதட்சிணம். சுவரோரமாகத் தினம் 20 அடி நடந்தால் போதும்.

பிரேஸில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்த ஆராய்ச்சி 2022-இல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்து வந்த வருஷங்களில் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் அதிகம் என்று படித்துவிட்டு, அன்று இரவே எனக்கு நாலு பேர் போன் செய்தார்கள். பயப்படாதீர்கள். நிற்க முடியாததால் அவர்கள் போய்விடவில்லை. வேறு வியாதிகளும் அவர்களிடம் அதிகம் இருந்தன. ஆனால் நம் வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போகலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் பின்விளைவை நம் குடும்பங்களில் பார்க்காதவர்கள் இந்த ஹாலில் இருக்க மாட்டார்கள்.

அந்த மாமி தினம் 15 நிமிஷம் செய்தார். முதல் இரண்டு வாரம் ஒரு முன்னேற்றமும் இல்லை. கோபித்துக்கொண்டு ஒரு நாள் வரவும் இல்லை. ஏழாவது வாரம் அடிபட்ட காலில் 20 விநாடி நின்றார். அந்த மாதமே பெண்ணோடு லேடீஸ் டப்பாவில் முலுண்ட் போய் வந்தார்.

ஆடும் பலகை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், மேடைக்குக் கீழே இருக்கிறது. டிபனுக்கு முன் விருப்பமுள்ளவர்கள் ஏறிப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். போன மாதம் சுளுக்கியவர்கள் மட்டும் முதலில் என்னிடம் காலைக் காட்டிவிட்டு வாருங்கள்.