வலைத்தெருவில் தமிழன் கடை



கடைத்தெரு இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2004-இல் முகநூலும், 2005-இல் வலையொளியும், 2009-இல் புலனமும், 2010-இல் படவரியும் தோன்றின. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சுவோர், பதநீர் இறக்குவது முதல் சிரட்டையில் வார்ப்பது வரை படம்பிடித்துக் காட்டித் தரகரின்றியே விற்க இயலும்.

ஆனால், நம் வணிகர் செய்வதென்ன? தமிழனுக்கே விற்கும் பொருளுக்கும் ஆங்கில விளம்பரம்! தமிழிற் சொன்னால் விலைபோகாதாம்! புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் உழவர் நடத்தும் சமையல் வலையொளியை, 2021-இல் ஒரு கோடிப்பேர் பின்தொடர்ந்தனர். அதன் பெயர் ஆங்கிலமே. எனினும், மக்களை ஈர்த்தது அவர்தம் ஊர்த்தமிழன்றோ!

இன்னொன்றும் எண்ணுக. முகநூல், புலனம், படவரி மூன்றும் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் உடைமை. 2021 அக்தோபர் 4-ஆம் நாள் அவை ஏறத்தாழ ஆறுமணி நேரம் ஒருங்கே முடங்கின. பிறன் திண்ணையிற் கடைவிரித்தோன், அவன் கதவடைத்தால் தெருவில் நிற்பான். திண்ணையைப் பயன்கொள்க, ஆயின், தனக்கென ஒரு வலைத்தளமும், வாங்குவோர் பெயரேடும் கையில் இருக்கட்டும். பொருளின் பெயரைத் தமிழில் எழுதுக. தமிழில் தேடுவோன் கண்ணில் அதுவே படும்.

கடையும் நமதாகுக! கடையின் மொழியும் நமதாகுக!