மாமா விட்டுச் சென்ற பயனுள்ள கல்வி



மர்ஹூம் பெரிய மாமா, தமது சேவைக்காலம் முழுவதையும் கிழக்கிலங்கை வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கழித்த ஒரு வைத்தியர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி கரையைத் தாக்கியபோது, தம் வீட்டாரின் நிலை அறியாமலேயே காயமுற்றோர் அருகில் நின்றார். வந்தவர் எந்த ஊர், எந்த மதம் என்று அவர் வினவியதில்லை. மூச்சு இருக்கிறதா, இரத்தம் எங்கே கசிகிறது என்பவையே அவரது முதற் கேள்விகள்.

ஹிஜ்ரி 5இல் அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அன்னாரைப் பராமரித்தவர் ருஃபைதா (ரழி) எனும் பெண்மணி என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. காயம்பட்டவரைக் காப்பது பள்ளிவாசலுக்குப் புறம்பான பணியன்று.

வைத்தியசாலை வாசலை அடையுமுன்னரே பலர் இரத்தம் இழந்து மரணிக்கின்றனர் என்று மாமா வருந்துவார். விபத்தைக் கண்டால் சூழ்ந்து நின்று கைப்பேசியில் படமெடுப்பது உதவியாகாது. உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். இரத்தம் வழியும் காயத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தேவையின்றி அசைக்காதீர்கள். பெற்றோர்களே, தலைக்கவசமின்றிப் புறப்படும் பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மரணித்தோருக்காக துஆச் செய்வோம். அத்துடன் முதலுதவியையும் முறையாகக் கற்போம். அன்னாரின் கல்வி நம் கைகளில் தொடருமாயின், அதன் நன்மை அவரது கப்றைச் சென்றடையும், இன்ஷா அல்லாஹ்.