வார நாள் ஊரும் நம் ஊர்தான்

(ஊர் திரும்பிய குடும்பங்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பிழைக்கப் போன இடத்திலிருந்து சொந்த ஊர் திரும்பியவர்கள், அந்த ஊரில் மறுபடியும் எப்படி மனம் ஒட்டி வாழ்வது என்பதைப் பற்றி இன்று பேச நினைக்கிறோம். கேட்பதற்குச் சிறிய விஷயம்போலத் தெரியும். ஆனால் திரும்பி வந்த ஆறாம் மாதமே “இங்கே இருக்க முடியவில்லை” என்று மறுபடியும் பெட்டி கட்டும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். அதில் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. வயதான அத்தாவும் அம்மாவும் இரண்டாவது முறையாகத் தனியாகிறார்கள்.

நம் கொங்குச் சீமையில் இதற்குப் பள்ளப்பட்டியை உதாரணமாகச் சொல்லலாம். கரூர் மாவட்டத்தில், அரவக்குறிச்சிக்குப் பக்கத்தில், நங்காஞ்சி ஆற்றை ஒட்டிய ஊர். மழை குறைந்த வறண்ட பூமி. நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. அதனால் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கல் வியாபாரம், ஃபேன்சி சாமான் வியாபாரம் என்று வெளி மாநிலங்களுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் வளர்ந்தன. 2021இல் பேரூராட்சி நகராட்சியாகவும் ஆனது. தாராபுரம், உடுமலை, ஆனைமலைப் பக்கத்திலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன குடும்பங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இப்படிப் போனவர்களுக்கு ஊர் என்றால் என்ன? ரமலானின் கடைசிப் பத்து, இரண்டு பெருநாள், ஒரு கல்யாணம், ஒரு மவுத். அந்த நாட்களில் தெரு நிறைய ஆள் இருக்கும். வீட்டில் பிரியாணி மணக்கும். எல்லோரும் நம்மைத் தேடி வந்து முஸாஃபஹா செய்வார்கள். ஆனால் அது விருந்தாளியாக வந்தவர் பார்க்கும் ஊர். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தெருவில் ஒருவரும் இல்லாமல், குடிதண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது தெரிவதுதான் குடியிருப்பவரின் ஊர். பெருநாள் ஊரை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, இந்த வார நாள் ஊர் ஏமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை.

நம்மில் பலர் அந்த வார நாள் ஊரை முதன்முதலாகப் பார்த்தது 2020இல்தான். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரயிலும் பஸ்ஸும் நின்றன. அந்த ரமலானில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். பத்து நாள் விருந்தாளியாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் குடித்தனம் செய்ய நேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, எந்தப் பிள்ளைக்குச் செல்போன் இல்லாமல் பாடம் விட்டுப்போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

ஆனால் இவை எல்லாம் நம் பெண்களுக்கு முன்பே தெரியும். ஆண்கள் வெளியூரில் இருந்த காலம் முழுவதும் இந்த ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் மதரஸாவுக்கும் அனுப்பினார்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் அலைந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதினார்கள். அந்த வீட்டாரோடு மாமன், மச்சான் என்று பழகும் உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே ஊர் திரும்பிய ஆண்களுக்கு நாம் முதலில் சொல்வது இதுதான்: வந்ததும் ஊரைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். ஊரைப் பற்றி வீட்டில் இருக்கும் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர்ப் பாசம் தானாக வந்துவிடும் என்று மார்க்கமும் சொல்லவில்லை. ஹிஜ்ரத் சென்று மதீனாவில் இறங்கிய புதிதில் அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்தார்கள். பிலால் (ரலி) மக்காவின் புல்லையும் பள்ளத்தாக்கையும் நினைத்து ஏங்கினார்கள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள், மக்காவை நேசிப்பதுபோல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்குவாயாக என்ற கருத்தில் துஆ செய்ததை புகாரியில் காண்கிறோம். வாழும் ஊர்மீது பிரியம் வேண்டும் என்பது அல்லாஹ்விடம் கேட்க வேண்டிய ஒன்று. பின்னாளில் பயணம் முடிந்து மதீனா கண்ணில் பட்டதும் அவர்கள் வாகனத்தை விரைவுபடுத்துவார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. இடையில் அந்த ஊரில் பள்ளிவாசல் கட்டினார்கள், சந்தை அமைத்தார்கள், அண்டை வீட்டாரோடு வாழ்ந்தார்கள்.

ஊரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரிய வைத்தியத்துக்குக் கோவைக்கோ மதுரைக்கோ ஓட வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளைக்கு ஏற்ற வேலை பக்கத்தில் கிடைப்பதில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. அரவக்குறிச்சி வட்டாரத்து முருங்கைக்கு வெளியூர்ச் சந்தைகளில் நல்ல பெயர் உண்டு. வரத்து அதிகமான மாதங்களில் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் விலை விழுகிறது. குளிர்காலத்தில் அதே காய் எட்டாத விலைக்குப் போகிறது. இலையைக் காயவைத்துப் பொடியாக்குவதும், விதையிலிருந்து எண்ணெய் எடுப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க உதவும் தொழில்கள். நாலு மாநிலத்தில் சரக்கு விற்றுப் பழகிய நம்மவர்களுக்கு, விளைகிற பொருளுக்குச் சந்தை தேடித் தருவது புதிய வேலையா?

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். பெண் பார்க்கும்போது “மாப்பிள்ளை எங்கே இருக்கிறார்?” என்று கேட்கிறார்கள். “துபாய்” என்றால் குரல் உயர்கிறது. “ஊரிலேதான்” என்றால் தாழ்கிறது. ஊரில் கடை வைத்து, பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஜமாஅத்தில் நிற்கிற பையன் ஏன் தலை குனிய வேண்டும்? இது மாறாதவரை எந்த இளைஞனும் ஊரில் தங்க மாட்டான்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள்.

திரும்பி வந்த ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஊருக்கென்று ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். நோயாளியைக் கரூருக்கு அழைத்துப் போகலாம். நாம் இல்லாவிட்டால் அந்த வேலை நின்றுவிடும் என்ற நிலை வரும்போது, ஊர் நமக்கு அந்நியமாகத் தெரியாது.

ஜமாஅத் பெரியோர்கள், வந்தவர்களிடம் நன்கொடை மட்டும் கேட்காமல் நேரத்தையும் யோசனையையும் கேளுங்கள்.

வெளியூரிலேயே இருக்க வேண்டிய குடும்பங்கள், பெருநாள் தவிர ஒரு சாதாரண வாரத்திலும் பிள்ளைகளோடு வந்து தங்குங்கள்.

யா அல்லாஹ், எங்கள் ஊரில் பரக்கத் செய்வாயாக. அதை எங்களுக்குப் பிரியமானதாகவும், எங்களை அதற்குப் பயனுள்ளவர்களாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.