பணியிலிருந்தே ஆசிரியர் பட்டம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர் தகுதி பெறுவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இப்பொருளில் நாம் அறிஞர் அல்லோம். அவ்வழியே நடந்து வந்தவர், அவ்வளவே. நமது பி.ஏ. பட்டமும் பி.எட். பட்டமும் அஞ்சல்வழியே பெற்றவை. 'தபால் பட்டம்' என்று அதனை இளப்பமாகப் பேசியவர் உண்டு. அவர்களுள் பலர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவரல்லர் என்பது வேறு செய்தி.

நம் அன்னையார் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன வயல்களில் காருக்கும் பிசானத்துக்கும் நாற்று நட்டவர். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்பார்கள். 1895-லேயே பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி எழுந்த ஊர் அது. நம் தெருவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ஆயினும் நாள்தோறும் சென்றுவரச் செலவுக்கு வழியில்லை. கூலி வேலையை விட்டால் அடுப்பு எரியாது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சியை 1989-ல் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வாழைத்தார் சுமந்துகொண்டே பி.ஏ. வரலாற்றுக்கு அஞ்சல்வழியில் பணம் கட்டினோம்.

பாடங்கள் பொதியாக வரும். அன்றைய அஞ்சல்காரர் நம் தெருவுக்குள் நுழைவதில்லை. ஊர் முகப்பிலுள்ள தேநீர்க் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாம் வாங்கச் செல்லும்போது உறை பிரிக்கப்பட்டிருக்கும். "ஏலே, தபால்ல வார புஸ்தகத்தப் படிச்சு நீ சார்வாள் ஆயிருவியோ?" என்று கடையில் இருந்தோர் கேட்டுச் சிரிப்பார்கள். 1992 நவம்பரில் ஆறு பெருக்கெடுத்து வீட்டுக்குள் புகுந்தபோது அப்பாடங்கள் முழுதும் நனைந்தன. அன்னையார் அவற்றைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்தினார். எழுத்தறியாதவர் ஆதலின் வரிசை மாறிப் போயிற்று. பக்கம் மாறிய அந்தப் பாடங்களைக் கொண்டே தேர்வு எழுதித் தேறினோம்.

1996-ல் இடைநிலை ஆசிரியராகப் பணி கிடைத்தது. பின்னர் பி.எட். சேர்ந்தபொழுது இச்சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அன்றைய செயலாளர், "பாடங்களைச் சங்க முகவரிக்கு வரவழையுங்கள்" என்றார். அதன் பின் நமது பொதியை எவரும் பிரித்ததில்லை. இந்த வெள்ளி விழாவில் சங்கத்தின் பணிகளைப் பலர் எடுத்துரைப்பர். நாம் நன்றியோடு குறிப்பது இந்த ஒரு முகவரியைத்தான்.

பணியில் இருப்போருக்கு ஆசிரியர் கல்வி என்பது புதுமையன்று. 1946-ல் பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில் வேலைக்குச் செல்வோரும் படிக்கும்படி காலை வகுப்புகள் நடந்தன. 1960-களில் மைசூர் முதலிய நான்கு ஊர்களின் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள், பயிற்சி பெறாத பட்டதாரி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் நேரில் அழைத்தும், ஏனைய மாதங்களில் அஞ்சலில் பாடம் அனுப்பியும் பி.எட். பட்டம் வழங்கின. மதுரைப் பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1970-களில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. இன்று அதனைத் தொலைநிலைக் கல்வி என்கிறோம். பெயர் மாறியதைவிட விதிகள் மாறியதே பெரிது. நம் இளைஞர்கள் ஏமாறுவதும் அவ்விடத்தில்தான்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளால் பி.எட். ஈராண்டுப் படிப்பு ஆயிற்று. தொலைநிலையில் அதனைப் படிக்க வெறும் பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. போதாது. பயிற்சி பெற்றுத் தொடக்கக் கல்வியில் பணிபுரியும் ஆசிரியராகவோ, குழுமம் ஏற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேர்முகமாக முடித்தவராகவோ இருத்தல் வேண்டும். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வும் உண்டு; ஆண்டுக்கொரு முறை பன்னிரண்டு நாள் பயிலரங்கமும் உண்டு; பள்ளியில் கற்பித்தல் பயிற்சியும் உண்டு. வீட்டிலிருந்து எழுதி அனுப்பினால் பட்டம் வரும் என்று எவரேனும் கூறினால் அவரை நம்ப வேண்டா.

நேர்முகப் படிப்பிலும் ஒரு வலை விரிக்கப்பட்டுள்ளது. 'கல்லூரிக்கு வராமலே பி.எட்.' என்று முகவர்கள் ஊர் ஊராக அலைகின்றனர். வகுப்புகளுக்கு நூற்றுக்கு எண்பது, பள்ளிப் பயிற்சிக்குத் தொண்ணூறு என்று வருகை விதி இருக்கையில் இஃது எப்படி இயலும்? நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இரண்டு பசுக்களை விற்று ஒரு முகவரிடம் பணம் கொடுத்தது. பையன் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்க, வேறு மாநிலக் கல்லூரி ஒன்றின் பதிவேட்டில் அவன் வருகை பதிவாகிக்கொண்டிருந்தது. பின்னர் வேலைக்கு மனுச் செய்தபோது, அனுபவச் சான்றும் பட்டச் சான்றும் அதே ஈராண்டுகளைக் காட்டின. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்ட அதிகாரிக்கு அவனால் விடை கூற இயலவில்லை. பசுவும் போயிற்று, பட்டமும் பயனற்றுப் போயிற்று. அந்தப் பையன் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரன் என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துவது.

மேலும் இரு செய்திகள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் நேரே திறந்தநிலையில் பெற்ற பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-ல் தமிழக அரசு ஆணையிட்டது. பள்ளிப் படிப்பை விட்டவர் முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். பணியில் உள்ளோர் சேருமுன் துறையின் முன்அனுமதியை எழுத்தில் பெறுங்கள். நமது விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் உறங்கிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்று நின்றோம்.

அப்படிப் பெற்ற பி.எட். என்ன கற்பித்தது என்று கேட்கலாம். பாடத்திட்டம் எழுதுவதும் கற்பித்தல் கருவி செய்வதும் ஓரளவு முன்பே தெரியும். ஒரு நாள் நமது வகுப்பைப் பார்வையிட வந்த வழிகாட்டி ஆசிரியர் பின்னால் அமர்ந்து ஏதோ கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் அத்தாளை நீட்டினார். நாம் எந்த மாணவரிடம் எத்தனை கேள்வி கேட்டோம் என்ற கணக்கு அது. முன்வரிசைக்கு இருபத்திரண்டு. கடைசி வரிசைக்கு ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் இருந்தோர் நம் தெருப் பிள்ளைகள். நாம் படித்த காலத்தில் நம்மை எங்கே அமர்த்தினார்களோ, அங்கேதான் அவர்கள் இருந்தார்கள். நாமும் அவர்களைத் தாண்டியே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறர் செய்யும் குறையை மேடையேறிப் பேசத் தெரிந்த நமக்கு, நம் கண் போகும் இடம் தெரியவில்லை. அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறுநாளே வாரந்தோறும் வரிசை மாறி அமரும் வழக்கத்தைக் கொணர்ந்தோம். இன்றும் நமது பள்ளியில் அது நடைமுறையில் உள்ளது. அந்த ஒரு தாளுக்காகவே இரண்டாண்டுச் செலவு தகும்.

பட்டம் மட்டும் போதும் என்ற காலமும் போயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததை அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க முதல் தாள், ஆறு முதல் எட்டு வரை இரண்டாம் தாள். ஒவ்வொன்றும் 150 மதிப்பெண். 2012 ஜூலையில் தமிழகத்தில் நடந்த முதல் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்பே பணியில் இருப்போரையும் தொட்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளோர் ஈராண்டுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்றது. நமக்கு ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆதலின் தப்பினோம் எனலாம். நம்மோடு பணியாற்றும் இளையவர்கள் நாற்பத்தைந்து வயதில் குழந்தை உளவியல் நூலை மீண்டும் திறந்துள்ளனர். அவர்களோடு நாமும் அமர்ந்து படிக்கிறோம். கணிதம் நமக்கு இன்னும் கடினமாகவே உள்ளது.

சங்கக் கட்டடத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு இப்படிப்பு நடைபெறுகிறது. பணியில் இல்லாத பட்டதாரிகளும், ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்களும் வரலாம். குழந்தையைத் தூக்கி வருவோருக்கும் தடையில்லை. வரும்பொழுது சான்றிதழ்களின் நகலை எடுத்து வாருங்கள். எந்தப் படிப்புக்கு யாருக்குத் தகுதி உண்டு என்பதைப் பணம் கட்டுமுன் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவோம். மூலச் சான்றிதழை எவரிடமும், நம்மிடமும்கூட, கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழை இழந்தோர் இன்னும் மாற்றுச் சான்றிதழ் பெறாதிருப்பின், அதற்கான மனுவையும் அங்கேயே எழுதித் தருவோம்.