கடற்பயணமும் ஒரு கடனும்



விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் சென்று வருவது நம்மவரிடையே இப்போது பெருகியிருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் நயினாதீவையோ நெடுந்தீவையோ பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கே வந்தது. பயணிகள் இறங்கிச் சில மணி நேரம் ஊர் பார்த்துவிட்டுக் கப்பலேறினார்கள். உல்லாசப் பயணிக்கு அந்தச் சில மணி நேரம் போதுமானது. அதே மண்ணிலே வளர்ந்து, பின்னர் வெளியேற்றப்பட்டவன் பயணியாக வந்து இறங்கினால் அந்த நேரத்தை என்ன செய்வான்? சென்ற ஆண்டு எனக்கு அந்த நிலை ஏற்பட்டது.

புத்தளத்திலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வாகனத்தில் சென்றோம். நெடுந்தீவில் பெருக்க மரத்தையும் குதிரைகளையும், பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும் கண்டு சிறுவர்கள் மகிழ்ந்தார்கள். திரும்பும் படகிலே அலை சற்று அதிகம். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பேரன், "இந்தப் பக்கமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். வாப்பாவோடு துணி விற்க வந்திருக்கிறேன் என்றேன். "எந்த ஊருக்கு?" என்றான். "கரம்பொன்" என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் வாப்பா மர்ஹூம் அவர்கள் சோனகத் தெருவிலிருந்து தீவுப்பகுதிக்குத் துணி கொண்டுசென்று விற்றவர். சனிக்கிழமைகளில் நானும் மூட்டையோடு பஸ்ஸிலே செல்வேன். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, நாரந்தனை என்று கடந்து, ஊர்காவற்றுறைக்கு முன்னால் கரம்பொன்னில் இறங்குவோம். தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த ஊர் அது. எனக்கோ அந்த ஊர் என்றால் ஓர் ஆச்சி வீட்டுத் திண்ணைதான். ளுஹர் நேரமாகிவிட்டால் ஆச்சி திண்ணையைத் தாமே கூட்டி, கழுவிய பாயொன்றை விரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். "காக்கா தொழுது முடிக்கும் வரையில் ஒருவரும் குறுக்கே போகக் கூடாது" என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. தொழுகை முடிந்ததும் மோர் வரும்.

1990 வைகாசியில் அந்த ஆச்சி, மூத்த மகளின் கல்யாணக் கூறைச் சேலைக்கென்று முழுப் பணத்தையும் வாப்பாவின் கையிலே கொடுத்தார். ஆவணியில் கல்யாணம். ஆனியிலே போர் மீண்டும் மூண்டது. சொல்லிவைத்திருந்த சேலை தாமதமாகி, ஓகஸ்ட் மாதத்தில்தான் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. அதே மாதத்தில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியது. சனங்கள் குடாநாட்டுக்குள் ஓடினார்கள். ஆச்சி குடும்பம் எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியவில்லை. சேலை எங்கள் அலுமாரியில் இருந்தது.

ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் முறை வந்தது. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு பணித்தனர். கையில் 150 ரூபாயும் ஓர் உடுப்பும் மட்டுமே அனுமதி. வடக்கிலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களும் மூட்டை முடிச்சுகளோடு மழையில் நடந்தார்கள். அந்தச் செய்தியைப் புத்தளம் முகாமில் வானொலியில் கேட்டபோது வாப்பா, "அந்த ஆச்சியும் நடக்கிறாரோ என்னவோ" என்றார். எங்கள் கொட்டிலில் இருந்த சிலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

நேயர்களே! வீட்டையும் கடையையும் பறிகொடுத்த ஒருவர், பிறருக்குக் கொடுக்க வேண்டிய கடனும் அத்தோடு போயிற்று என்று எண்ணுவது எளிது. வாப்பா அப்படி எண்ணவில்லை. முழு விலையையும் முன்னரே பெற்றுக்கொண்டு பொருளைப் பின்னர் ஒப்படைக்கும் வியாபாரத்தை மார்க்கச் சட்டத்தில் 'ஸலம்' என்பார்கள். "நான் கொடுக்க வேண்டியது பணமல்ல மகன், சேலை" என்று வாப்பா பலமுறை சொன்னார். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்ததையும் நாம் அறிவோம். 1998இல் வாப்பா வபாத்தானபோது அந்தக் கடனை நான்தான் பொறுப்பேற்றேன். ஜமாஅத்தார் முன்னிலையில் சொல்லியே ஏற்றேன்.

அதன் பின்னர் என்ன செய்தேன்? இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2002இல் யுத்த நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது யாழ்ப்பாணம் போனேன். சோனகத் தெருவிலே கூரையற்ற எங்கள் வீட்டைப் பார்த்து அழுதேன். உறுதியைத் தேடினேன், எல்லையை அளந்தேன். 2009க்குப் பின்னரும் நான்கு முறை போனேன், எல்லாம் அந்தக் காணிக்காகவே. ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த கரம்பொன்னுக்கு ஒருமுறையேனும் போகவில்லை. எனக்கு வரவேண்டியது மட்டும் நினைவிலிருந்தது. மக்கா வெற்றியின்போது எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்ட நபியவர்கள், அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்தாரா என்ற பொருள்படக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு கூடாரத்தில் தங்கினார்கள். இச்சம்பவத்தைப் பல மேடைகளில் நான் பேசியிருக்கிறேன்.

பேரன் விடவில்லை. இறங்குதுறையிலிருந்து திரும்பும் வழியில், வேலணையில் வாகனத்தைக் கரம்பொன் பக்கம் திருப்பச் சொன்னான். சாரதி நேரத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

ஆச்சி வீட்டின் சுவர்கள் இருந்தன. உள்ளே வடலிகள் வளர்ந்திருந்தன. திண்ணை மட்டும் உடையாமல் கிடந்தது. அயல் வீட்டு முதியவர் வந்து விசாரித்தார். ஆச்சி இறந்து நெடுங்காலம், பிள்ளைகள் கனடாவில் என்றார். யார் எவரென்று முழுவதும் கேட்டறிந்த பிறகே உள்ளே போய்த் தொலைபேசியைக் கொண்டுவந்து, மூத்த மகளோடு பேசவைத்தார்.

துணி காக்காவின் மகன் என்றதும் அவர் சிரித்தார். சேலை என்றதும் சிரிப்பு நின்றது. இடம்பெயர்ந்திருந்த பாடசாலையிலே இரவல் சேலையோடு தமக்குக் கல்யாணம் நடந்ததாகச் சொன்னார். காக்கா ஏமாற்றிவிட்டார் என்று உறவினர் சிலர் பேசினார்களாம். "அம்மா மட்டும் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை" என்றார்.

பணத்தை இன்றைய பெறுமதிக்கு அனுப்புவதா, சேலையாகவே தருவதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், "அது என்ன நிறம், தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

புத்தளம் திரும்பிய இரவே ராத்தாவிடம் கேட்டேன். கண நேரமும் யோசியாமல், "அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை" என்றார். எப்படித் தெரியும் என்றதற்குத் தயங்கினார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. வீட்டில் எவருமில்லாத வேளையில் அலுமாரியைத் திறந்து அந்தச் சேலையைத் தோளிலே ஒருமுறை போட்டுப் பார்த்தாராம். அமானிதப் பொருளைத் தொட்டேன் என்று இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறார்.

சேலையைக் கொழும்பிலே வாங்கினோம். கனடாவுக்குப் பொதி செய்தவர் ராத்தாதான். மடிப்பைக் கலைக்காமல் செய்தார்.